இரவெல்லாம் தானாக ஓடும் பிரஷர் பம்ப்: மோட்டாரை மாற்றுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

ஆடிக் காற்றின் இரைச்சலில் முதல் சில நாட்கள் எங்களுக்குக் கேட்கவே இல்லை. மாமியார்தான் ஒரு நாள் காலையில் காபியை ஆற்றிக்கொண்டே கேட்டார்: "ராத்திரி இரண்டு மணிக்கு யார் குளித்தது?" யாரும் குளிக்கவில்லை. அன்றிரவு நானே விழித்திருந்து கேட்டேன். மாடியில் 'டக்' என்று ஒரு சத்தம், இரண்டு மூன்று நொடி உறுமல், மறுபடி ஒரு 'டக்'. நான்கு நிமிடம் அமைதி. பிறகு அதே கதை. வீட்டில் ஒரு குழாய்கூடத் திறந்திருக்கவில்லை.

பம்புக்கும் மோட்டாருக்கும் பெயர் வாங்கிய கோயம்புத்தூரில் இருந்துகொண்டு இதைச் சரிசெய்ய எனக்கு ஐந்து வாரம் பிடித்தது. மூன்று பிளம்பர்கள் வந்துபோனார்கள். முதலாமவர் பிரஷர் ஸ்விட்சின் திருகைத் திருகிவிட்டுப் போனார். இரண்டாமவர் ஸ்விட்சையே மாற்றினார். மூன்றாமவர் பம்பின் மேல் கையை வைத்துப் பார்த்துவிட்டு, மோட்டார் போய்விட்டது, புதிதாகப் போட 14,000 ரூபாய் ஆகும் என்றார். கடைசியில் கோளாறு இரண்டே இரண்டு. ஃப்ளஷ் தொட்டிக்குள் ஒரு ரப்பர் வாஷர் தேய்ந்திருந்தது. பிரஷர் தொட்டியில் காற்று இறங்கியிருந்தது. வாஷர் 120 ரூபாய். காற்றுக்குக் காசே இல்லை.

உங்கள் வீட்டிலும் பம்ப் இப்படித் தானாக ஓடுகிறது என்றால், கீழே உள்ள வரிசையிலேயே போங்கள். வரிசையை மாற்றியதால்தான் எனக்குப் பணம் போனது.

1. உங்கள் வீட்டில் இருப்பது எந்த வகை?

மாடியில் மேல்தொட்டிக்குப் பக்கத்தில் போய் நில்லுங்கள். மேல்தொட்டியிலிருந்து வரும் குழாய் பம்புக்குள் போய், வெளியே வந்து, குளியலறைகளுக்கு இறங்கும். அந்த இடத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்.

சிறிய உருண்டை அல்லது உருளை வடிவத்தில் ஓர் இரும்புத் தொட்டி (பெரும்பாலும் 24 லிட்டர்), அழுத்தத்தைக் காட்டும் ஒரு வட்ட முள் மீட்டர், தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு கருப்பு அல்லது சாம்பல் நிறப் பெட்டி ஆகிய மூன்றும் இருந்தால் அது தொட்டி வகை. அந்தப் பெட்டிதான் பிரஷர் ஸ்விட்ச். குழாயில் அழுத்தம் குறைந்தால் மோட்டாரைப் போடும், ஏறினால் நிறுத்தும். பெரும்பாலான ஸ்விட்சுகள் தொழிற்சாலையிலிருந்து 1.4 பாரில் (பார் என்பது அழுத்தத்தின் அலகு) போட்டு 2.8 பாரில் நிறுத்தும்படி வரும். பி.எஸ்.ஐ. என்ற இன்னோர் அலகில் 20, 40. மீட்டரில் பார் என்று போடாமல் கிலோ என்று போட்டிருந்தாலும் குழம்ப வேண்டாம். இரண்டும் ஏறத்தாழ ஒன்றுதான்.

தொட்டி இல்லாமல், பம்பின் மேலேயே விளக்குகள் எரியும் ஒரு பிளாஸ்டிக் பெட்டி மட்டும் இருந்தால் அது எலெக்ட்ரானிக் கன்ட்ரோலர் வகை. நீங்கள் படி 5, 8, 9 மூன்றையும் விட்டுவிடலாம். இந்த வகையில் அழுத்தத்தைத் தாங்கி வைக்கத் தொட்டி இல்லாததால், சொட்டு ஒழுகினாலும் பம்ப் ஓடிவிடும். ஆகவே ஒழுகல்தான் உங்கள் முதல் சந்தேகம்.

மோட்டார் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கிறது என்றால் அது வேறு நோய். மேல்தொட்டி காலியா, குழாயில் காற்று புகுந்திருக்கிறதா, மின்னழுத்தம் குறைவா என்று பார்க்க வேண்டும். நான் இங்கே சொல்வது போட்டு நிறுத்திப் போட்டு நிறுத்தும் கோளாறைப் பற்றி மட்டும்.

2. யாரையும் கூப்பிடும் முன் காகிதங்களைத் தேடுங்கள்

இதை இரண்டாவதாக வைத்ததற்குக் காரணம் என் சொந்த அனுபவம். எங்கள் பம்ப் வாங்கிப் பதினோரு மாதம்தான் ஆகியிருந்தது. ஒரு வருட வாரண்டி. அது நினைவுக்கு வருவதற்குள் இரண்டு பிளம்பர்கள் ஸ்விட்சின் மூடியைக் கழற்றிவிட்டார்கள். பிறகு நிறுவனத்துக்குப் போன் செய்து ஆள் வந்தபோது, வெளியாள் கை வைத்திருக்கிறார், வாரண்டி செல்லாது என்று சொல்லி 450 ரூபாய் வாங்கிக்கொண்டு போனார்.

எடுத்து வைக்க வேண்டியவை: வாங்கிய கடையின் ஜி.எஸ்.டி. பில், முத்திரையிட்ட வாரண்டி அட்டை, மோட்டாரின் மேல் ஒட்டியிருக்கும் தகட்டின் படம். தகட்டில் வரிசை எண் இருக்கும். பில்லிலும் அதே எண் இருக்கிறதா என்று ஒருமுறை ஒப்பிட்டுவிடுங்கள். எங்கள் பில்லில் 'பம்ப் செட் – 1' என்று மட்டும் எழுதியிருந்தார்கள்; அதற்கும் ஒரு வாக்குவாதம். தகடு வெயிலில் வெளுத்துப்போகும், ஆகவே படத்தை வாங்கிய அன்றே எடுத்து வைப்பது நல்லது.

தொட்டிக்கும் ஸ்விட்சுக்கும் வாரண்டி உண்டா, மோட்டாருக்கு மட்டும்தானா என்பதை அட்டையின் பின்பக்கத்தில் படித்துப் பாருங்கள். புகார் கொடுத்தால் புகார் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். வாரண்டி இருந்தும் இழுத்தடித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குப் புகார் கொடுக்கக் கட்டணம் கிடையாது. ஆனால் பில் இல்லாமல் அந்த வாசலுக்குப் போய்ப் பயனில்லை.

3. இரண்டு இரவு நேரம் குறியுங்கள்

வீட்டில் எல்லோரும் படுத்த பிறகு பம்ப் எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை ஓடுகிறது, எத்தனை நொடி ஓடுகிறது என்று எழுதுங்கள். நான் பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதினேன். 11.04, 11.08, 11.12 என்று ரயில் நேரம் மாதிரி வந்தது.

இந்த ஒழுங்கு முக்கியம். யாரும் தண்ணீர் எடுக்காதபோது சம இடைவெளியில் ஓடினால் அழுத்தம் எங்கோ ஒரே சீராகக் குறைகிறது என்று பொருள். குழாயைத் திறக்கும்போது மட்டும் நொடிக்கு நொடி போட்டு நிறுத்தினால் பிரஷர் தொட்டியில் காற்று இல்லை. இரண்டும் சேர்ந்தும் வரலாம். எங்களுக்கு வந்தது அதுதான்.

மின்கட்டணம் ஏறிவிடும் என்று பிளம்பர்கள் பயமுறுத்துவார்கள். நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நான்கு நிமிடத்துக்கு ஒருமுறை என்றால் நாளைக்கு 360 தடவை; தடவைக்கு இரண்டரை நொடி என்று வைத்தால் மொத்தம் கால் மணி நேரம். அரை குதிரைத்திறன் மோட்டாருக்கு நாளொன்றுக்குக் கால் யூனிட்கூட வராது. பயப்பட வேண்டியது அந்த 360 தடவைக்குத்தான். மோட்டார் ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் ஓடும்போது எடுப்பதைப் போலப் பல மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். ஸ்விட்சின் முனைகள் கருகும், கபாசிட்டர் கெடும், வைண்டிங் (மோட்டாருக்குள் சுற்றிய கம்பி) சூடாகும். கோளாறு தெரிந்த பிறகும் வாரக்கணக்கில் விட்டுவைத்தால் நல்ல மோட்டாரும் ஒருநாள் உண்மையிலேயே போய்விடும். வேலை முடியும் வரை இரவில் படுக்கப் போகும்போது பம்பின் எம்.சி.பி.யை (மின் இணைப்பைத் துண்டிக்கும் ஸ்விட்சை) அணைத்துவிடுங்கள். பைபாஸ் குழாய் (பம்பைச் சுற்றிப் போகும் மாற்றுக் குழாய்) இருந்தால் தண்ணீர் மெதுவாகவாவது வரும்.

4. அரை மணி நேரச் சோதனை

எனக்கு யாரும் சொல்லாத சோதனை இது. பிளம்பர் வந்து செய்ய வேண்டிய முதல் வேலையும் இதுதான். செலவு எதுவும் இல்லை. மீட்டர் பழுதாகியிருந்தால் மட்டும் புதிது ஒன்று வாங்குங்கள். எனக்கு 280 ரூபாய் ஆனது. பழைய மீட்டரின் முள் ஒட்டிக்கொண்டு பொய் சொல்லும். விரலால் மெதுவாக ஒரு தட்டுத் தட்டிப் பாருங்கள்.

பம்ப் ஓடி, தானாக நிற்கட்டும். முள் 2.8 பக்கத்தில் நிற்கும். உடனே எம்.சி.பி.யை அணையுங்கள். பம்பிலிருந்து வீட்டுக்கு இறங்கும் குழாயில் இருக்கும் பால் (ball) வால்வை மூடுங்கள். மீட்டரைக் கைபேசியில் ஒரு படம் எடுங்கள். கீழே போய் ஒரு காபி குடித்துவிட்டு, அரை மணி நேரம் கழித்து வந்து இன்னொரு படம் எடுங்கள்.

முள் நகரவில்லை என்றால் மாடியில் குற்றம் இல்லை. தண்ணீர் வீட்டுக்குள் எங்கோ ஒழுகுகிறது. படி 6-க்குப் போங்கள். முள் இறங்கியிருந்தால் மாடியிலேயே அழுத்தம் கசிகிறது. படி 7-க்குப் போங்கள்.

இதில் இரண்டு பொறிகள் உண்டு. ஒன்று, பல வீடுகளில் இறங்கு குழாயில் வால்வே வைத்திருக்க மாட்டார்கள். அப்படியானால் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். வேலையோடு சேர்த்து 500, 600 ரூபாய்க்குள் முடியும், பின்னாலும் பத்து முறை உதவும். இரண்டு, பைபாஸ் குழாய். மின்சாரம் இல்லாதபோதும் தண்ணீர் வருவதற்காக மேல்தொட்டியிலிருந்து பம்பைச் சுற்றிக்கொண்டு ஒரு குழாய் போட்டிருப்பார்கள். அது நீங்கள் மூடிய வால்வுக்குக் கீழே வந்து சேர்ந்தால், அதில் உள்ள கசிவை இந்தச் சோதனை காட்டாது. முள் அசையாமல் நின்றாலும் பைபாஸைத் தனியாகப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குள் தேட வேண்டும்.

5. வாளிச் சோதனை

பிரஷர் தொட்டிக்குள் பாதி தண்ணீர், பாதி காற்று. நடுவில் ஒரு ரப்பர் பை. காற்று சுருள்வில் மாதிரி தண்ணீரைத் தள்ளிக்கொண்டிருக்கும். அதனால்தான் ஒரு குவளை தண்ணீர் எடுத்ததும் மோட்டார் ஓடுவதில்லை. காற்று இறங்கிவிட்டால் தள்ள ஆளில்லை.

பம்ப் ஓடி நின்றதும் ஏதாவது ஒரு குழாயின் கீழ் வாளியை வைத்து மெதுவாகத் திறங்கள். மாடியில் ஒருவர் நிற்கட்டும். எங்கள் வீட்டில் மகன் நின்றுகொண்டு, 'டக்' கேட்டதும் கத்துவதாக ஏற்பாடு. பம்ப் ஓடத் தொடங்கிய நொடியில் குழாயை மூடிவிட்டு வாளியில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று அளந்து பாருங்கள். 24 லிட்டர் தொட்டி, 20-40 அமைப்பு, காற்று சரியாக இருக்கிறது என்றால் 8 லிட்டர் அளவுக்கு வர வேண்டும். எங்களுக்கு அரை லிட்டர் வந்தது. வாளியின் அடி நனைந்தது, அவ்வளவுதான்.

இதே எண்ணை வைத்து ஒழுகலின் அளவையும் கண்டுபிடித்துவிடலாம். அரை லிட்டர் போக நான்கு நிமிடம் என்றால் மணிக்கு ஏழரை லிட்டர், நாளுக்கு 180 லிட்டர். ஆயிரம் லிட்டர் மேல்தொட்டி ஆறு நாளைக்கு ஒருமுறை சத்தமில்லாமல் காலியாகிக்கொண்டிருந்திருக்கிறது. அதை நிரப்ப ஆழ்குழாய்க் கிணற்று மோட்டார் ஓடிய செலவு தனி. நொடிக்கு ஒரு சொட்டு வீதம் ஒழுகும் குழாய் நாளெல்லாம் ஒழுகினாலும் இதில் ஒரு சிறு பங்குதான் ஆகும். ஆகவே கண்ணுக்குத் தெரிந்த சொட்டைச் சரிசெய்துவிட்டு நிம்மதியாகப் படுத்துவிடாதீர்கள். கணக்கு ஒத்து வருகிறதா என்று பாருங்கள். நான் சமையலறைக் குழாயின் சொட்டை நிறுத்திவிட்டு இரண்டு நாள் ஏமாந்தேன்.

6. வீட்டுக்குள் தேடுதல்

ஒவ்வொரு குளியலறைக்கும் தனி வால்வு இருந்தால் ஒவ்வொன்றாக மூடிவிட்டு, எதை மூடும்போது மாடியில் சத்தம் நிற்கிறது என்று பாருங்கள். அரை மணி நேரத்தில் அறை தெரிந்துவிடும். வால்வு இல்லையென்றால் ஆங்கிள் காக் என்று சொல்லும் சிறிய மூலைக்குழாய்களை ஒவ்வொன்றாக மூடுங்கள்.

முதல் சந்தேகம் எப்போதும் ஃப்ளஷ் தொட்டி. அது ஒழுகினால் தரை நனையாது, சத்தம் வராது. தண்ணீர் கோப்பையின் பின்சுவர் வழியாகக் கண்ணாடித் தாள் மாதிரி வழிந்துகொண்டே இருக்கும். கண்டுபிடிக்கச் சொட்டு நீலம் போதும். ஃப்ளஷ் தொட்டியின் மூடியைத் திறந்து ஏழெட்டுச் சொட்டு விடுங்கள். இருபது நிமிடம் யாரும் ஃப்ளஷ் செய்யக் கூடாது. கோப்பையில் நீலம் தெரிந்தால் அடியில் உள்ள ரப்பர் வாஷர் மூடவில்லை. நீலம் போடுவதற்கு முன்னால், உள்ளே நிற்கும் தண்ணீர் நடுவில் உள்ள வழிகுழாயின் வாய் வரை ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள். ஏறியிருந்தால் வாஷர் சரி, மிதவை வால்வு சரியில்லை. தண்ணீர் நிரம்பி வழிந்துகொண்டிருக்கிறது.

சுவருக்குள் மறைத்து வைத்த ஃப்ளஷ் தொட்டி என்றால், காய்ந்த செய்தித்தாள் துண்டு ஒன்றைக் கோப்பையின் பின்சுவரில் ஒட்டிவிட்டுப் பத்து நிமிடம் கழித்துப் பாருங்கள்.

எங்கள் வாஷரை எடுத்துப் பார்த்தபோது அதன் விளிம்பில் வெள்ளையாகப் பொருக்குப் பிடித்திருந்தது. விரலால் தேய்த்தால் மணல் மாதிரி உதிர்ந்தது. இந்த ஊரில் குடிக்கச் சிறுவாணித் தண்ணீர், குளிக்கவும் கழுவவும் ஆழ்குழாய்க் கிணற்று உப்புத் தண்ணீர் என்று இரண்டு தனிக் குழாய் வைத்திருக்கும் வீடுகள் நிறைய. உப்புத் தண்ணீர் போகும் இடமெல்லாம் இந்தப் பொருக்கு வரும். வினிகரில் ஊற வைத்தால் கரையும். ஆனால் ரப்பரில் பள்ளம் விழுந்துவிட்டால் மாற்றத்தான் வேண்டும். பழைய வாஷரைக் கையில் கொண்டுபோய்க் காட்டி வாங்குங்கள். 'ஃப்ளஷ் வாஷர் ஒன்று' என்று கேட்டால் நான்கு அளவுகளை எடுத்துப் போடுவார்கள்.

அடுத்தது கழிப்பறையில் இருக்கும் கைக்குழாய். மூலைக்குழாயைத் திறந்தே வைத்திருந்தால் கைக்குழாயின் விசை வழியாகக் கசியும். கீசருக்குப் போகும் குளிர்நீர்க் குழாயில் ஒரு பாதுகாப்பு வால்வு இருக்கும். அதிலும் சொட்டுகிறதா என்று பாருங்கள்.

சோலார் வாட்டர் ஹீட்டர் இருக்கும் வீட்டுக்காரர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. குளிர்நீருக்கு மட்டும் பம்ப் போட்டு, வெந்நீர் சோலார் தொட்டியிலிருந்து தானாக இறங்குகிறது என்றால், வெந்நீரும் குளிர்நீரும் கலக்கும் மிக்சர் உங்களைக் கவிழ்க்கும். இரண்டு பக்கத் திருகுகளையும் திறந்து வைத்துவிட்டுக் கைப்பிடி ஷவரின் முனையை மட்டும் மூடினால், அழுத்தம் அதிகமான குளிர்நீர் மிக்சருக்குள்ளேயே வெந்நீர்க் குழாயில் ஏறி, மாடியில் சோலார் தொட்டியின் காற்றுக்குழாய் வழியாகக் கொட்டும். வீட்டுக்குள் ஒரு சொட்டு ஈரம் இருக்காது. மாடித் தரை நனைந்திருந்தால் மழை என்று நினைத்துக்கொள்வீர்கள். மிக்சரின் இரண்டு திருகுகளையும் மூடிவிட்டுப் பாருங்கள்.

7. மாடியிலேயே கசிந்தால்

முதலில் இணைப்புகளைத் துணியால் துடைத்துவிட்டு, காய்ந்த காகிதத்தால் ஒவ்வொன்றையும் சுற்றித் தொட்டுப் பாருங்கள். ஈரம் தெரிந்தால் யூனியனை (குழாய்களை இணைக்கும் மரை இணைப்பை) கழற்றி டெஃப்லான் டேப் சுற்றி மாட்டினால் முடிந்தது.

ஈரமே இல்லாமல் முள் இறங்குகிறது என்றால் தண்ணீர் வந்த வழியே திரும்பி மேல்தொட்டிக்குப் போகிறது. அதைத் தடுக்க ஒரு என்.ஆர்.வி. இருக்கும், அதாவது தண்ணீரை ஒரே திசையில் மட்டும் விடும் வால்வு. அதன் இருக்கையில் ஒரு மணல் துகள் மாட்டினாலும் மூடாது. உறுதிசெய்ய, பம்ப் நின்றதும் மேல்தொட்டிக்கும் பம்புக்கும் இடையில் உள்ள கேட் வால்வை இறுக மூடிவிட்டு அரை மணி நேரச் சோதனையை மறுபடி செய்யுங்கள். இப்போது முள் நின்றுவிட்டால் குற்றவாளி என்.ஆர்.வி. கேட் வால்வு மூடியிருக்கும்போது மட்டும் எம்.சி.பி.யைப் போட்டுவிடாதீர்கள், பம்ப் வறண்டு ஓடி, தண்ணீர் கசியாமல் அடைக்கும் சீல் போய்விடும்.

பைபாஸ் குழாயிலும் இதேபோல் ஒரு என்.ஆர்.வி. உண்டு. அதன் வால்வை மூடிவிட்டு ஓர் இரவு பாருங்கள். கசிவு இருந்தால், வால்வை மூடும் முன் நடு இரவில் மேல்தொட்டியின் மூடியைத் திறந்து டார்ச் அடிக்கும்போது தண்ணீரின் மேல் லேசான அலை தெரியும். எங்கள் தெருவில் ஒரு வீட்டில் கோளாறு இதுதான்; அவர்கள் அதற்குள் மூன்று குளியலறைக் குழாய்களையும் மாற்றிவிட்டிருந்தார்கள்.

என்.ஆர்.வி.யைக் கழற்றிக் கழுவினாலே பல நேரம் சரியாகும். புதிது வேண்டுமென்றால் பித்தளையில் வாங்குங்கள். அதன் மேல் உள்ள அம்புக்குறி தண்ணீர் போகும் திசையைப் பார்த்திருக்க வேண்டும்.

8. தொட்டிக்குக் காற்று நிரப்புதல்

தொட்டியின் ஒரு முனையில் பிளாஸ்டிக் மூடிக்குள் ஒரு வால்வு இருக்கும். கார் டயரில் இருப்பதே இதிலும். அதன் நடு ஊசியைப் பேனா முனையால் அழுத்திப் பாருங்கள். காற்று வந்தால் ரப்பர் பை நன்றாக இருக்கிறது. ஒன்றுமே வராவிட்டாலும் கவலை இல்லை, நிரப்பினால் போதும். தண்ணீர் பீய்ச்சினால் பை கிழிந்துவிட்டது. பையை மட்டும் மாற்றலாம். 24 லிட்டர் அளவுக்கு எனக்குச் சொன்ன விலை 900 ரூபாய். தொட்டியையே மாற்று என்று சொல்பவரிடம் பை தனியாகக் கிடைக்காதா என்று கேளுங்கள்.

காற்றை அளப்பதும் நிரப்புவதும் தண்ணீர் அழுத்தம் பூஜ்யத்தில் இருக்கும்போதுதான். இதைத் தவறவிட்டால் எல்லாம் வீண். எம்.சி.பி.யை அணைத்து, மேல்தொட்டியின் கேட் வால்வை மூடி, பைபாஸையும் மூடி, கீழே ஒரு குழாயைத் திறந்துவிடுங்கள். தண்ணீர் வடிந்து முள் பூஜ்யத்துக்கு வரட்டும். குழாய் திறந்தபடியே இருக்கட்டும். கேட் வால்வை மூட மறந்தால் மேல்தொட்டித் தண்ணீர் வந்துகொண்டே இருக்கும், நீங்கள் தவறான எண்ணைப் படிப்பீர்கள்.

ஸ்விட்ச் எந்த அளவில் மோட்டாரைப் போடுகிறதோ அதைவிட 2 பி.எஸ்.ஐ. குறைவாகக் காற்று இருக்க வேண்டும். 20-இல் போடுகிறது என்றால் 18. அதிகம் போட்டால் நல்லது என்று நினைத்து 30 ஏற்றினேன்; குழாயில் தண்ணீர் ஒரு நொடி நின்று, பிறகு திடுமென்று வந்தது. காற்று ஸ்விட்சின் அளவைத் தாண்டினால் அப்படித்தான்.

சாதாரண சைக்கிள் பம்பின் வாய் இதற்குப் பொருந்தாது. காருக்கு வைத்திருக்கும் கால் பம்போ, பேட்டரியில் ஓடும் சிறிய காற்றடிப்பானோ போதும். நிரப்பிய பிறகு வால்வின் மேல் சோப்பு நுரை வைத்துப் பாருங்கள். குமிழி வந்தால் ஊசி கசிகிறது, பஞ்சர் கடையில் மாற்றித் தருவார்கள். பிறகு குழாயை மூடி, கேட் வால்வைத் திறந்து, பம்பின் மேல் உள்ள காற்றுத் திருகைத் தளர்த்திக் காற்றை வெளியேற்றிவிட்டு எம்.சி.பி.யைப் போடுங்கள்.

இங்கேதான் பெரிய பொறி. நான் ஒழுகலைக் கண்டுபிடிப்பதற்கு முன்னாலேயே காற்றை நிரப்பிவிட்டேன். நான்கு நிமிடத்துக்கு ஒருமுறை ஓடிய பம்ப் மணிக்கு ஒருமுறை ஓடியது. சரியாகிவிட்டது என்று எல்லோருக்கும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். 180 லிட்டர் அப்போதும் போய்க்கொண்டுதான் இருந்தது. நல்ல தொட்டி ஒழுகலை மறைத்துவிடும்.

9. ஸ்விட்சைக் கடைசியாகத் தொடுங்கள்

மூடியைத் திறந்தால் 230 வோல்ட் முனைகள் வெளியே தெரியும். மாடி ஈரமாக இருக்கும் இடம். எம்.சி.பி.யை அணைத்து, டெஸ்டரால் உறுதிசெய்யாமல் கை வைக்க வேண்டாம். தெரியாதென்றால் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

உள்ளே இரண்டு சுருள்வில் திருகுகள் இருக்கும். பெரியது போடும் அளவையும் நிறுத்தும் அளவையும் சேர்த்து மாற்றும். சிறியது இரண்டுக்கும் உள்ள இடைவெளியை மாற்றும். முதல் பிளம்பர் சிறியதைத் தளர்த்திவிட்டுப் போனதில் இடைவெளி குறைந்து, பம்ப் முன்பைவிட அடிக்கடி ஓடியது. யார் திருகினாலும், திருகுவதற்கு முன் அதன் நிலையைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

உப்புத் தண்ணீர் வீடுகளில் ஸ்விட்சின் அடியில் உள்ள ஊசித்துளை அடைத்துக்கொள்ளும். அப்போது ஸ்விட்சுக்கு அழுத்தம் தாமதமாகத் தெரியும், மோட்டார் தடுமாறும். அழுத்தத்தை இறக்கிவிட்டு ஸ்விட்சைக் கழற்றி ஊக்கால் குத்திச் சுத்தம் செய்தால் போதும். எங்களுக்கு 850 ரூபாய்க்கு மாற்றிக் கொடுத்த பழைய ஸ்விட்சைப் பின்னால் நானே குத்திப் பார்த்தேன். அரிசி அளவுக்கு ஒரு வெள்ளைக் கட்டி வெளியே விழுந்தது. பழைய உதிரிபாகத்தை எப்போதும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

10. என்ன செலவானது, எவ்வளவு நாள் ஆகும்

வீணாகப் போனது: முதல் இரண்டு பிளம்பர்களுக்கும் கூலி தலா 400, ஸ்விட்ச் 850, மூன்றாமவருக்கு வந்து பார்த்த கூலி 500, நிறுவனத்து ஆளுக்கு 450. ஆக 2,600 ரூபாய். உண்மையில் தேவைப்பட்டது: மீட்டர் 280, வாஷர் 120. ஆக 400.

நேரத்தைப் பொறுத்தவரை, நோட்டில் குறிக்க இரண்டு இரவு, சோதனைகளுக்கு ஒரு விடுமுறை நாளின் காலை, பொருள் வாங்கி மாட்ட ஒரு மாலை. ஞாயிற்றுக்கிழமை ஆள் கூப்பிட்டால் கூலி கூடும், கடையும் மூடியிருக்கும். சனிக்கிழமை காலையில் தொடங்குவது வசதி.

ஆள் கூப்பிட்டே ஆக வேண்டும் என்றால் போனில் 'பம்ப் அடிக்கடி ஓடுகிறது' என்று சொல்லாதீர்கள். 'இறங்கு குழாயின் வால்வை மூடியும் அரை மணி நேரத்தில் முள் 2.8-லிருந்து 1.6-க்கு வருகிறது, வெளியே ஈரம் இல்லை, என்.ஆர்.வி. பார்க்க வேண்டும்' என்று சொல்லுங்கள். வருகிறவர் பொருளோடு வருவார், கூலியும் அந்த வேலைக்கு மட்டும்தான். மோட்டாரை மாற்றச் சொன்னால் வைண்டிங் எரிந்திருக்கிறதா, பேரிங் சத்தம் போடுகிறதா, சீல் ஒழுகுகிறதா என்று கேளுங்கள். மூன்றும் இல்லையென்றால் மோட்டாரை விட்டுவிடச் சொல்லுங்கள்.

எங்கள் பம்ப் இப்போது இரவு பத்தரைக்கு மேல் ஓடினால் யாரோ தண்ணீர் எடுத்திருக்கிறார்கள் என்று பொருள். காற்றைப் பார்க்க ஆறு மாதத்துக்கு ஒருமுறை நாட்காட்டியில் குறித்து வைத்திருக்கிறேன். அடுத்தது தை மாதம். போன வாரம் மாமியார் மறுபடி கேட்டார், ராத்திரி இரண்டு மணிக்கு மோட்டார் ஓடியதே என்று. நோட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். மகன் பரீட்சைக்குப் படித்துவிட்டு முகம் கழுவியிருக்கிறான்.